கோழிகளுக்கான வானிலைக் குறிப்பு

எங்கள் நாமக்கல் சீமையின் நாளிதழ்களில், பிற சீமையார் கண்டால் சிரிக்கக்கூடிய ஒரு பகுதி உண்டு. கோழிப்பண்ணையாளர்களுக்கான வானிலைக் குறிப்பு அது. மனிதர்களுக்கு மழை வருமா வராதா என்று நாலு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் செய்தித்தாள், கோழிகளுக்கு மட்டும் பகல் வெப்பம், இரவு வெப்பம், காற்றின் திசை, வேகம், ஈரப்பதம் ஆகிய அனைத்தையும் விளக்கி, தீவனத்தை எந்நேரத்தில் இடுதல் நலம், குடிநீரில் எதைக் கலத்தல் நலம் என்று அறிவுரையும் கூறும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியைத் துறந்த எனக்கு உரைநடை கற்பித்த ஆசிரியர்களுள் அந்தக் குறிப்பு முதன்மையானது. “ஆகவே”, “எனினும்”, “மேற்கண்ட” ஆகிய சொற்களோடு எனக்கு நட்பு உண்டானது அதன் வாயிலாகத்தான்.

வெண்ணந்தூருக்கும் ராசிபுரத்துக்கும் இடையே, கரடு என்று நாங்கள் சொல்லும் ஒரு சிறு பாறைக் குன்றின் அடிவாரத்தில் உள்ள முட்டைக்கோழிப் பண்ணையில் நான் மேற்பார்வையாளன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே பண்ணை. எனக்கு அறுபத்தொன்பது வயது. விடிந்ததும் முதற் கொட்டகையின் வாசலில் நின்று அந்தக் குறிப்பை உரக்கப் படிப்பது என் வழக்கம். அங்கே ஒரு கரும்பலகை உண்டு. அதில் “ஆட்கள்: ஆறு” என்று ஒரு வரியும், “இறப்பு” என்று ஒரு வரியும் எழுதியிருப்பேன். இறப்பு என்றால் முந்தைய நாள் இறந்த கோழிகளின் எண்ணிக்கை. பண்ணைக்காரர் வந்ததும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

ஆறு ஆட்களுள் மூத்தவர் முட்டை பொறுக்கும் ஓர் அம்மையார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கொட்டகைகளில் நடந்தவர். நான் அவரை அம்மிணி என்று அழைப்பேன். அவர் என்னை அண்ணா என்பார். என் வாசிப்பைக் கேலி செய்யும் உரிமையும் அவருக்கே உரியதாக இருந்தது.

“ஏனுங்கண்ணா, கலெக்டராட்டப் படிக்கறீங்க. கடைசியில கோழி வந்து கையெழுத்துப் போடோணுமாக்கும்?”

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனினும் குரலைத் தாழ்த்த மாட்டேன்.

நான் சொல்லப்போகும் நாள் கத்திரி வெயில் தொடங்கிய முதல் வாரத்தில் வந்தது. குறிப்பில் கடும் எச்சரிக்கை. நான் போருக்குப் புறப்படுபவனைப் போல உற்சாகம் கொண்டேன். கூரைமேல் தெளிப்பான்களைக் காலை பத்து மணிக்கே ஓடவிட்டேன். பக்கவாட்டில் சாக்குப் படுதாக்களைத் தொங்கவிட்டு நனைத்தேன். குடிநீரில் உப்புச்சத்துப் பொடியும் வைட்டமினும் கலந்தேன். தீவனத்தை விடியலுக்கு ஒரு பங்கு, பொழுது சாய்ந்த பின் ஒரு பங்கு என்று பிரித்தேன். நடுப்பகலில் கோழி தின்றால் உள்ளுக்குள் சூடேறும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. வரிசை வரிசையாக நடந்து, எந்தக் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது, எது சிறகைத் தொங்கவிடுகிறது என்று பார்த்துக்கொண்டே சென்றேன். ஆயிரக்கணக்கான கோழிகள், ஒன்றுகூட விழவில்லை! பிற்பகல் மூன்று மணிக்கு, மறுநாள் எழுத வேண்டியதைப் பொறுக்க மாட்டாமல், சுண்ணக்கட்டியை எடுத்து “இறப்பு: இல்லை” என்று அன்றே எழுதினேன். அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

கோட்டை இழுத்து முடிக்கையில் இரண்டாம் கொட்டகையின் கடைசியிலிருந்து ஓர் ஓசை. முட்டை அட்டைகள் அடுக்கோடு சரியும் ஓசை.

ஓடினேன். நடைபாதையில் அம்மிணி பக்கவாட்டாகக் கிடந்தார். உடைந்த முட்டைகள் அவருடைய சேலையில் வழிந்துகொண்டிருந்தன. நெற்றியைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைப் போலச் சுட்டது. தோலில் வேர்வை ஒரு பொட்டும் இல்லை. வாய் பிளந்திருந்தது. மூச்சு அடுக்கடுக்காக வாங்கியது. எதையோ முணுமுணுத்தார், சொற்கள் சேரவில்லை.

அந்த முகத்தை நான் அதுவரை எத்தனையோ ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். கூண்டுக்குள் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து அதே முகத்தைத் தேடித்தான் வரிசை வரிசையாக நடந்தேன். அவரைக் கடந்தும் மூன்று தடவை நடந்தேன்.

நல்ல வேளையாக முட்டை ஏற்ற வந்திருந்த லாரி ஓட்டுநர் வாசலில் நின்றிருந்தார். திருச்செங்கோட்டுக்காரர், முன்பு போர்வெல் ரிக் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றியவர். நான் பதற்றத்தில் செம்புத் தண்ணீரை அம்மிணியின் வாயருகே கொண்டுசென்றேன். ஓட்டுநர் என் கையைத் தட்டிவிட்டார்.

“மேனேஜரே, நெனவில்லாதவங்க வாயில ஊத்தாதீங்க, பொறை ஏறிப் போயிரும். மேல ஊத்துங்க! ரிக்குல ரண்டு பேர இப்படிப் பாத்திருக்கறனுங்க.”

இருவருமாக அவரைத் தூக்கித் தொட்டியருகே வேப்பமர நிழலில் கிடத்தினோம். குடம் குடமாக ஊற்றினோம். கழுத்திலும் கக்கத்திலும் ஈரச் சாக்கை வைத்தோம். காலி முட்டை அட்டைகளால் விசிறினோம். மற்றப் பெண்களும் வந்து விசிறினார்கள். சிறிது நேரத்தில் கண் திறந்தது. முதற் சொல்லாக அவர் கேட்டது, “எத்தன அட்டைங்க உடஞ்சுது?” என்பதுதான்.

முட்டை லாரியிலேயே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த செவிலியர் ஊசி வழியே நீரேற்றிக்கொண்டே, “கடைசியா எப்பங்க தண்ணி குடிச்சீங்க?” என்று கேட்டார்.

“காத்தால.”

“காத்தாலயா? இந்த வெயில்லயா? ஏனுங்க?”

அம்மிணி சுவரைப் பார்த்தார். நான் வெளியே செல்ல எழுந்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்: “தண்ணி குடிச்சா ஒதுங்கோணுமல்லோ. பண்ணையில நமக்கு எங்கீங்க எடம் இருக்குது? காட்டுப் பக்கம் போனா லாரிக்காரங்க நிக்கறாங்க. அதனால குடிக்கறதில்லீங்க. எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தானுங்க.”

பதினெட்டு ஆண்டுகள்! கோழிகளின் குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைகிறதா என்று நாள்தோறும் பார்த்தவன் நான். எனக்கு அது தெரியாது. கேட்டதில்லை.

மறுநாள் பண்ணைக்காரர் வந்தார். நாற்பது வயதுக்காரர்; பொறியியல் படித்தவர்; கெட்ட மனம் அறவே இல்லாதவர். நடந்ததைக் கேட்டு வருந்தினார். பிறகு சொன்னார்:

“பெரியவரே, அக்காவுக்கு வயசாயிருச்சுங்க. இனி வேண்டாம், ஊட்டுலயே இருக்கட்டும். நாம வேற ஆள் பாத்துக்கலாம்.”

அன்று மாலை அம்மிணியின் வீட்டுக்குச் சென்று, இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“ஊட்டுல இருந்தா மட்டும் குளுகுளுன்னா இருக்குது? மேல பாருங்கண்ணா.”

பார்த்தேன். தகரக் கூரை. அந்த அறைக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பண்ணையிலயாவது மரம் இருக்குது, தொட்டி இருக்குது, பேச நாலு பேரு இருக்கறாங்க. இங்க நான் விழுந்தா ஆருங்க பாப்பாங்க? நான் சோலிக்கு வாரனுங்க. நீங்க சொல்லிப் பாருங்க.”

அவருக்கு அது பிழைப்பு மட்டுமன்று. விழுந்தால் தூக்க ஆள் இருக்கும் இடமும் அதுவே என்பது எனக்கு விளங்கியது. எனினும், வா என்று அழைத்துவந்து மறுபடியும் அதே நடைபாதையில் அவரை விழவைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் நாளிதழை விரித்தேன். ஐந்து பேர் நின்றிருந்தார்கள். படிக்கத் தொடங்கினேன். வெப்பம் மிகும்; ஆகவே கோழிகளுக்கு நடுப்பகலில் தீவனம் தவிர்த்து... என்று வந்த இடத்தில் என் நாக்கு நின்றது. அந்த ஒரு கணத்தை எவ்வாறு எழுதுவேன்!  கோழிகள் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஆட்கள் என்ற சொல்லை இட்டு, மனத்துக்குள் அவ்வரிகளை மீண்டும் படித்தேன். ஆட்களை விடியலிலும் மாலையிலும் மட்டும் வேலை வாங்குதல் நலம். ஆட்களுக்கு நிழலும் காற்றும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும். ஆட்களின் குடிநீர் குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். அதில் உப்புச்சத்து கலத்தல் வேண்டும். ஆட்கள் வாய் பிளந்து மூச்சு வாங்குகிறார்களா என்று கவனித்தல் வேண்டும்.

எல்லாம் இருக்கிறது! எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக உரக்கப் படித்து, வரி பிசகாமல் நிறைவேற்றி, பெருமையும் பட்டுக்கொண்ட செய்திதான். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று எண்ணி, எங்கள் முகவரியைப் பாராமலே படித்திருக்கிறோம்.

நாளிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பண்ணைக்காரரின் வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். அந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து அவருடைய நாய் குரைத்தது.

“தம்பி, கத்திரி முடியற வரைக்கும் எனக்குத் தவணை குடுங்க. அம்மிணி வரட்டும். கோழிக்குச் செய்யறதையெல்லாம் ஆளுங்களுக்கும் செய்யறனுங்க. ஆரும் மயங்கி விழலீன்னா அம்மிணி இருக்கட்டும். ஒருத்தர் விழுந்தாலும், நீங்க சொன்னபடி நானே போய்ச் சொல்லி நிறுத்திப்போடறேன்.”

அவர் கேட்டார்: “பலகையில எழுதுவீங்களா?”

“எழுதறனுங்க.”

“மறைக்காம?”

“இறப்ப எந்நாளாவது மறச்சிருக்கறனுங்களா?”

அவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பலகையில் மூன்றாவது வரி ஏறிற்று. “மயக்கம்” என்று எழுதி எதிரே “இல்லை” என்று எழுதினேன். அதற்கும் மேலே, பெரிய எழுத்தில், “முதலில் ஆட்கள், பிறகு கோழிகள்” என்று எழுதினேன். எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அது எனக்கே சற்றுத் துணிச்சலாகப் பட்டது.

முதற் சிக்கல் முட்டை பொறுக்கும் நேரம். பிற்பகல் இரண்டு மணிப் பொறுக்கலை மாலை நாலரைக்குத் தள்ளவேண்டும். ஆனால் லாரி மூன்று மணிக்கு வரும். ஓட்டுநரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“மேனேஜரே, மூணு மணிக்கு என்னோட சீட்டுல நீங்க வந்து உக்காந்து பாருங்க. தோசக்கல்லுல உக்காந்த மாதிரி இருக்கும். நாலரைன்னா கோயில் கட்டிக் கும்புடறேன். இத்தன நாளா ஏங்க கேக்கல?”

“நீங்க ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலீங்க!”

இரண்டாவது, அந்த ஒதுங்கும் இடம். முட்டைக் கிடங்குக்குப் பின்னால் ஒரு கழிப்பறை இருக்கத்தான் இருந்தது. மருந்து கம்பெனிக்காரர்களும் தீவன வியாபாரிகளும் வந்தால் திறப்பதற்காகப் பூட்டிக் கிடந்தது. சாவியைப் பண்ணைக்காரரிடமிருந்து வாங்கி, முதற் கொட்டகைத் தூணில் ஓர் ஆணியடித்து மாட்டினேன். யாரையும் கேட்கவேண்டாம், எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆணியடித்த இரண்டாம் நாளே, நிரப்பி வைத்த மண்பானை நண்பகலுக்குள் காலியானது. மறுபடி நிரப்பினேன், மறுபடி காலியானது! பெண்கள் குடிக்கிறார்கள்! காலியான பானையைக் கண்டு ஒரு மனிதன் அவ்வளவு மகிழமுடியும் என்று எனக்குத் தெரியாது.

அம்மிணி நாலாம் நாள் வேலைக்கு வந்தார். உப்புப் போட்ட நீர்மோரை நான் ஒரு சொம்பில் நீட்டியபோது, வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“கோழி மருந்தக் கலக்கலயே?”

“இல்ல சாமி, வெறும் மோருதான்.”

“இல்ல, நீங்க இருக்கற வேகத்துக்கு என்னையும் முட்டை போடச் சொல்லுவீங்களாட்ட இருக்குது. அதான் கேட்டேன்.”

ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் லாரிக் கதவு அதிர்ந்தது.

ஆயினும் என் உற்சாகம் என்னை ஒரு பிழையிலும் தள்ளியது. கொட்டகைக்குள் கோழிகளுக்குப் பனிபோல் நீர் தூவும் குழாய்கள் உண்டு. அதன் அடியில் கோழி சுகமாக நிற்கிறது. மனிதனும் சுகமாக இருப்பான் அல்லவா? இரண்டு பெஞ்சுகளைக் கொண்டுபோய் அங்கே போட்டு, நடுப்பகல் ஓய்வுக்கு எல்லாரையும் உட்காரச் செய்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மிணி முதலில் எழுந்து வெளியே வந்தார்.

“ஏனுங்கண்ணா, இட்லிப் பானைக்குள்ள உக்கார வெச்சாப்பல இருக்குது. வேர்வை ஊத்துது, காயவே மாட்டீங்குது. எச்சத்து நாத்தம் வேற கண்ணக் கரிக்குது. கோழிக்கு வேணா இது ஊட்டியா இருக்கும்.”

நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். முற்றிலும் உண்மை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: கோழிக்கு வேர்வை இல்லை, வாயால் மூச்சு வாங்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. மனிதனுக்கு வேர்வை உண்டு. அது காய்ந்தால்தான் உடல் ஆறும். காற்றில்லாத ஈரம் நமக்கு உதவாது. ஆகவே அந்தக் குறிப்பை ஆட்களுக்கு மாற்றும்போது அப்படியே மாற்றலாகாது! பெஞ்சுகளைத் தூக்கி வேப்பமரத்தடியில், மேற்குக் காற்று வரும் முகமாகப் போட்டோம். வெயில் படும் பக்கம் மட்டும் ஒரு நனைத்த சாக்குப் படுதா கட்டினோம். அது சரியாக அமைந்தது. அங்கே உட்கார்ந்து ஆறு பேரும் அரட்டையாகப் பழமை பேசுவதைக் கேட்டுக்கொண்டே நான் கொட்டகைகளைச் சுற்றிவருவேன்.

நாட்கள் நகர்ந்தன. மயக்கம்: இல்லை. மயக்கம்: இல்லை. ஒவ்வொரு காலையும் அச்சொல்லைப் புதிதாக எழுதுவேன். பழையதை விட்டுவைப்பதில்லை, அழித்து எழுதினால்தான் அன்றைய நாளுக்கு நான் பொறுப்பு என்று எனக்கு ஒரு கொள்கை. விடியற்காலையில் அம்மிணியின் கை கூண்டுகளின் முன்னால் ஓடும் வேகத்தைக் காணவேண்டும்! இருட்டு பிரியும் முன்பே எந்த வரிசையில் எந்த நடைப்பலகை ஆடும், எந்தத் தூணருகே குழாய் ஒழுகும் என்று பார்க்காமலே நடப்பார். கத்திரி முடிய இன்னும் மூன்று நாட்களே இருந்தன.

அன்று காலை பதினொன்றரை மணி. எல்லாரும் வேம்படியில் இருந்தார்கள். ஓட்டுநரும் அன்று ஏதோ பழுது பார்க்க முன்னதாகவே வந்திருந்தார். பண்ணைக்கு மேற்கே உள்ள கரட்டில், காய்ந்த புல்லில் எங்கேயோ நெருப்புப் பிடித்துவிட்டது. முதலில் மெல்லிய ஒரு கோடு. பிறகு காற்று திரும்பி, அந்தக் கோடு அப்படியே சரிந்து, சாம்பல் நிறச் சுவராகப் பண்ணையை நோக்கி இறங்கியது. நெருப்பு எங்களை எட்டாது. நடுவே உழுத காடும் தார்ச்சாலையும் இருந்தன. ஆனால் புகைக்குச் சாலை ஏது?

நான் முன்னரே எண்ணி வைத்தவனைப் போலக் கூவினேன்: “எல்லாரும் தம்பி ஊட்டுக்குப் போங்க! கதவு ஜன்னலைச் சாத்துங்க!” பண்ணைக்காரரின் வீடு காங்கிரீட் கட்டடம், அருகில் மூடித் தாழிடக்கூடிய இடம் அது ஒன்றே. அவரே வாசலில் நின்று, “வாங்க, வாங்க, உள்ள வாங்க!” என்று கதவை அகலத் திறந்தார். அந்த வீட்டின் கூடத்தில் ஆட்கள் எவரும் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. அன்று யாருக்கும் அதை நினைக்க நேரமில்லை.

ஆறு பேரும் படியேறியதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்த பின்பு திரும்பி, கொட்டகைக்கு ஓடினேன். இரண்டே நிமிடம், மேற்குப் பக்கத்துப் படுதாக்களை இறக்கி நனைத்துவிட்டால் போதும், கோழிகளால் ஓட முடியாது அல்லவா? முதல் மூன்று படுதாக்கள் இறங்கின. நாலாவதன் கயிறு சிக்கியது. இழுத்தேன். புகை உள்ளே வந்துவிட்டது. கோழிகள் எழுப்பிய ஓலம் காதை அடைத்தது. கண் எரிந்தது, நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை வறுப்பதைப் போன்ற இருமல். தூணைப் பிடித்துக்கொண்டு சற்றே உட்காரலாம் என்று எண்ணினேன். அதற்குப் பின் எனக்கு நினைவில்லை.

கூடத்தில் நிகழ்ந்ததை ஓட்டுநர் பிற்பாடு சொல்லக் கேட்டேன். பண்ணைக்காரர், ஓட்டுநரைச் சேர்க்காமல், பண்ணை ஆட்களை எண்ணினாராம். ஆறு. பலகையிலும் ஆறு. சரியாக இருக்கிறது என்று கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துண்டை வைக்கக் குனிந்தாராம்.

“ஏழுங்க,” என்றாராம் அம்மிணி.

“ஆறுதானுங்க அக்கா. பலகையில ஆறுன்னுதான் போட்டிருக்குது.”

“பலகை எழுதறவரு ஆருங்க? அவரு தன்னச் சேத்து எழுதுவாரா? அண்ணனக் காணோமுங்க!”

அம்மிணி ஒரு துண்டை வாளி நீரில் முக்கி மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினாராம். நீங்கள் வேண்டாம், நான் போகிறேன் என்று பண்ணைக்காரர் தடுத்ததற்கு, “உங்களுக்கு உள்ள வழி தெரியாதுங்க தம்பி. எனக்குக் கண்ணு வேண்டாம், கையே போதும்,” என்று சொல்லிவிட்டு, ஓட்டுநரை மட்டும் அழைத்துக்கொண்டு இறங்கினாராம்.

எனக்குத் திரும்ப நினைவு வந்தபோது, என் ஒரு கை அம்மிணியின் தோளிலும் மறு கை ஓட்டுநரின் தோளிலும் இருந்தன. முகத்தில் ஈரத் துணி. அம்மிணி ஒரு கையால் கூண்டுகளைத் தொட்டுத் தொட்டு, எண்ணிக்கொண்டே எங்களை நடத்திச் சென்றார். நான் இருமலுக்கு நடுவே, “படுதா... நாலாவது...” என்றேன்.

“பலகையில முதல்ல ஆளுங்க, பொறவு கோழிங்கன்னு எழுதினது ஆருங்க?”

“நான்தான்.”

“அப்ப நீங்க ஆளா, கோழியா? அதச் சொல்லுங்க முதல்ல!”

அந்த நிலையிலும் ஓட்டுநர் சிரித்தார். சிரித்ததால் புகை ஏறி அவரும் இருமினார். மூவரும் இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கூடத்துக்குள் விழுந்தோம்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காற்று மாறியது. புகை வடக்கே ஒதுங்கியது. தீயணைப்பு வண்டி வந்து கரட்டின் நெருப்பை அடக்கிற்று. சுகாதார நிலையத்தில் என் மூச்சைச் சோதித்து, ஒரு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. மறுநாள் விடியலில் பலகையின் முன்னால் நின்றேன். கோழிகளில் முப்பத்தொன்று இறந்திருந்தன. “இறப்பு: முப்பத்தொன்று” என்று எழுதினேன்.

அடுத்த வரியில் கை நின்றது.

மயக்கம். யாரும் மயங்கவில்லையா? மயங்கியது நான். ஒருவர் விழுந்தாலும் அம்மிணியை நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் நான். என்னை உயிரோடு இழுத்துவந்தவரின் வேலையை நானே ஒரு சுண்ணக்கட்டியால் அழிக்கப்போகிறேனா? கரும்பலகை எதிரே விரிந்து கிடந்தது. வாழ்நாளில் ஒரு சொல்லை எழுத நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

பின்னாலிருந்து அம்மிணி சொன்னார்: “எழுதாதீங்கண்ணா. நீங்க பலகையிலயே இல்லாத ஆளு. எழுதி என்னத்துக்கு ஆகுது? கோழிங்க போய்ச் சொல்லப் போகுதுங்களா?”

மறைக்காமல் எழுதுவேன் என்று சொன்னவன் அல்லவா. “மயக்கம்: ஒன்று” என்று எழுதினேன். எழுத்து கோணிற்று.

பண்ணைக்காரர் தம் வீட்டுப் படியில் தெரிந்தார். இறங்கி நேரே பலகைக்கு வந்தார். நான் அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அறிந்தவரை முதன்முறையாக, அவை இறப்பு என்ற வரியைத் தாண்டிப்போய் அடுத்த வரியில் நின்றன. முப்பத்தொன்றை அவர் இன்னும் பார்க்கவே இல்லை!

“இந்த ஒண்ணு ஆருங்க?”

“நான்தானுங்க தம்பி. தவணையில தோத்துப்போட்டேன்.”

அவர் அம்மிணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

“வயசாயிருச்சுன்னு ஒருத்தர நிறுத்தறதா இருந்தா, பெரியவரே, இப்ப உங்களத்தானுங்க நிறுத்தோணும். அக்கா இல்லீன்னா நேத்து இந்தப் பலகையில எங்கீங்க உங்கள எழுதறது? எந்த வரியில எழுதறது?”

 எழுதுவதற்கு எஞ்சியிருந்த வரி எது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“அக்கா, நீங்க எங்கயும் போக வேண்டாம். கத்திரி முடிஞ்சாலும் இதே நேரந்தான். பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு கக்கூசு இந்த மாசமே கட்டறேன். இனிக் காத்தாலயும் மதியமும் தல எண்ணறது உங்க சோலி. இவரு எண்ண வேண்டாம், இவருக்கு எண்ணத் தெரியல.”

அம்மிணி முன்னால் வந்தார். என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கினார். அவருக்கு எழுத்து வராது, எண்கள் வரும்; பலகையில் எது எந்த வரி என்பது நான் படித்துச் சொல்லக் கேட்டுப் பழக்கம். ஆட்கள் என்று நான் எழுதியிருந்ததற்கு எதிரே இருந்த ஆறு என்னும் சொல்லை உள்ளங்கையால் அழித்தார். அங்கே 7 என்று, குழந்தை போடுவதைப் போல, பெரியதாகப் போட்டார்.

பிறகு தூணருகே போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாரையும் ஒரு முறை எண்ணினார். விரல் கடைசியில் என் மேல் வந்து நின்றது.

“ஏழு பேரும் வந்தாச்சுங்கண்ணா. ம், கலெக்டரே, படிங்க.”

நாளிதழை விரித்தேன்.  இருமலையும் மீறிக் குரலை உயர்த்தி, அன்றைய வெப்பத்தையும் காற்றின் திசையையும் கொட்டகை அதிரப் படித்தேன்.